கதவுக்கு வெளியே ஒரு பெரியவர்

குழந்தைவேலு பகடையை உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான், போடுகிற பாடாக இல்லை. போட்டுத் தொலையேன் என்று சகாயராஜுக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் குலுக்கட்டும் என்றும் இருந்தது. இவன் போட்டு முடித்தால் அடுத்தது குட்டிப் பூதம் இரண்டின் முறை, அதுகள் ஆளுக்கொரு குத்து குத்தி முடித்தால் தன் முறை, தன் முறை வந்தால் வாயைத் திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை இருக்கும். பூங்கோதை டாக்டரின் பல் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு லீவு. நோயாளிகள் உட்காருகிற முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரம் தள்ளி, நடுவில் மேஜையைப் போட்டு, நாலு வருஷமாக இந்த நாலு பேரும் விளையாடுகிற விளையாட்டு இது. டாக்டர் கதையை நடத்துவார்; மற்ற மூன்று பேருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். குழந்தைவேலு வில்லாளி, ஜமாலுதீன் கேடயக்காரன், சகாயராஜ் மாயக்காரன். சண்டை வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, விழுகிற எண்ணுக்குத் தக்கபடி வெட்டோ தப்போ. மேஜைமேல் கட்டம் போட்ட தாளில் மலைவிழுங்கி என்கிற பெரும்பூதம் நின்றது. பூதம் என்றால், யாரோ ஒரு நோயாளிக்கு டாக்டர் வார்த்துவைத்த கீழ்த்தாடை பிளாஸ்டர் அச்சுதான். அதன் முன்பல் வரிசைக்கு அடியில் ஜாரை மோட்டாரோடு பிணைக்கிற ஒரு மிக்ஸி கப்ளர் சாய்ந்து கிடந்தது, அது ஜமாலின் ஆள். மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன், தன் ஆளுக்குத் தன் கடையிலிருந்தே ஒரு உருப்படியைக் கொண்டுவந்திருந்தான். போன ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தவன் எழுந்திருக்க மூன்று தரம் பகடை போடலாம். பத்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். இரண்டு தரம் போட்டு இரண்டும் போயிற்று. மூன்றாவது பாக்கி, அதுவும் தவறினால் ஆள் செத்தான். அதைப் போடுகிறவரைக்கும் மலைவிழுங்கி திரும்பாமல் நிற்க வேண்டும். திரும்பினால் ஒரே மிதி, பகடைக்கே வேலை இல்லை. திரும்பாமல் நிற்பதற்குக் காரணம் சகாயராஜ் கட்டிய மாயம். கோட்டைக் கதவுக்கு வெளியே ஒரு பெரியவர் நிற்கிறார், பூதம் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இல்லாத பெரியவர். இல்லாத பெரியவரா? அந்த இடத்தில் நினைப்பு போய் முள்ளில் சேலை மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொண்டது, இழுத்தால் கிழியும் என்று தெரிந்து அப்படியே நின்றது. மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்றது. கிராம்பு எண்ணெய் வாசனை.

மாயம் கட்டுவதில் அவனுக்கு இணை இந்த மேஜையில் இல்லை, அதை அவனே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, மற்றவர்கள் சொல்லிச் சொல்லியே அவனைக் கெடுத்தார்கள். கத்தி எடுத்து வெட்டத் தெரியாத ஆள், நெருப்பு விடத் தெரியாத ஆள், கண்ணுக்கு முன்னால் இல்லாததை இருக்கிறதாகக் காட்ட மட்டும் தெரிந்த ஆள். முதல் வருஷம் எல்லாரையும் போலப் பெரிய பாம்பு, பறக்கிற யானை என்று காட்டிப் பார்த்தான், எதிரி ஒருத்தனும் மதிக்கவில்லை. அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. தரையை ஒரு விரற்கடை தாழ்த்திக் காட்டினான், ஓடிவந்த பன்னிரண்டு பேரும் படி தவறினவர்கள் மாதிரி முகம் குப்புற விழுந்தார்கள். குழந்தைவேலு விட்ட ஒற்றை அம்பை நாற்பது அம்பாக ஆகாயத்தில் காட்டினான், அத்தனை பேரும் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்க, குழந்தைவேலு சாவகாசமாக முழங்காலில் அடித்தான். ஜமால் நிற்கிற இடத்துக்கு அரை அடி இடப்பக்கம் இன்னொரு ஜமாலைக் காட்டினான், ஈட்டியெல்லாம் காற்றைக் குத்தியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரு சட்டம் போட்டார், இந்த மேஜைக்கு மட்டும் உள்ள சட்டம்: மாயம் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றும் மாயக்காரன் அதில் புதுசாக ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். சொல்கிறது கேட்கிறவர்களுக்கு நம்பும்படி இருக்க வேண்டும். வெறுமனே நிற்கிறார், இருக்கிறார் என்று சொன்னால் கலைந்துபோகும். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் அவனுக்குக் களவு பழகியது. மின்மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை, ஒரு நாளைக்கு நூறு வீட்டுக் கேட்டுக்குள் போய் வருகிறவன், கண்ணையும் காதையும் வெளியிலா கழற்றி வைத்துவிட்டுப் போக முடியும்? உறையூரில் ஒரு வீட்டில் மூன்று காலில் நொண்டுகிற நாய், அது போய்க் கதையில் ஓநாய் ஆயிற்று. அம்மியின் மேல் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டுத் தெருவெல்லாம் தேடின அம்மாள், அவள் ஒரு சூனியக்காரியாகி ஒரு படையையே நிறுத்தினாள். எவருக்கு என்ன நஷ்டம், நாய்க்கா தெரியப்போகிறது என்று இருந்தான். வீட்டில் அவன் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை, ஆபீஸில் கேட்கவே வேண்டாம். இங்கே வாயைத் திறந்தால் மூன்று பேர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதுதான். அதைத் தவிர வேறு சமாதானம் சொல்ல அவனிடம் இல்லை.

எதிரில் ஜமால் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தான் சகாயராஜ். நகக்கண்ணில் கிரீஸ், கட்டைவிரலில் பழைய தழும்பு. கையில் கோபம் தெரியுமா என்று பார்த்தான். கை டீ கிளாசைச் சுற்றிச் சும்மா இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், போன ஆட்டத்தன்றும் இந்தக் கை இப்படித்தான் இருந்தது. அன்று மலைவிழுங்கி ஜமாலின் ஆள்மேல் காலைத் தூக்கியாயிற்று, என்ன செய்யப்போறீங்க சகாயம் என்று டாக்டர் கேட்டார், ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், அதற்குள் வாய் தானாகப் பேசியது: கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள், இரும்புக் கம்பியில் குடைக் கைப்பிடியால் மூன்று தட்டு. வெளியே ஒரு பெரியவர், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருக்கிறார். பூதத்தை அண்ணாந்து பார்த்து, என் மகன் வந்துட்டானா என்று கேட்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும், பூதத்தின் கட்டைக் குரலில் அவர் பாட்டுக்கு, வரமாட்டான், போ என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் எப்படித்தான் வந்ததோ. அப்பவாவது நிறுத்தியிருக்கலாம். சகாயராஜ் நிறுத்தவில்லை. பெரியவர் தலையை ஆட்டி, சரி தம்பி, வந்தா சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நிற்கிறார் என்றான். குழந்தைவேலு, தொண்ணூறு கிலோ ஆள், கூரியர் மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிறவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கேயிருந்துடா புடிக்கிற இதெல்லாம் என்றான். டாக்டர் பூதத்தின் அச்சை எடுத்துக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தார். பகடைகூடக் கேட்கவில்லை. ஜமால், நல்லாச் சொன்ன என்றான். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான், யாரோ கஸ்டமர் கூப்பிடுகிறார் என்று எழுந்து போனான். போன் அடிக்கவில்லை என்பது சகாயராஜுக்குத் தெரியும்.

அத்தா கதையை, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான், ஜமால் அவனிடம் சொன்னது போன மாசிமாதம், கடையில், கரண்டு இல்லாத ஒரு மத்தியானம். கரண்டு போனதால் மீட்டர்க்காரனுக்கும் வேலை இல்லை, மிக்ஸிக்காரனுக்கும் வேலை இல்லை. ஜமால் ஒரு மோட்டாரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னான். அத்தா நினைவு தப்பிப்போய் எட்டு மாசம் இருந்தார். தினம் குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார், கம்பிக் கதவைத் தட்டுவார், ஜமாலிடமே ஜமாலு வந்துட்டானா என்று கேட்பார். இவனும் தினம் எழுந்து போய், அத்தா நான்தான், உக்காருங்க என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவான். கடைசி நாள் கடையில் ஒரு அம்மாள் கிரைண்டர் எரிந்துபோன கோபத்தில் கத்திக்கொண்டு நிற்கிறாள், அந்த நேரம் பார்த்து அத்தா. ஜமாலு வரமாட்டான், போங்க என்று சொல்லிவிட்டான். அவர் சரி தம்பி, வந்தா சொல்லுங்க என்று போனார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிறதுக்குள் முடிந்துபோனார். யாரோ ஒருத்தன் துரத்திவிட்டான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு சகாயம் என்றான் ஜமால். வீட்ல இத யார்கிட்டயும் சொல்லல, நீ கேட்டுட்டு விட்டுரு. சகாயராஜ் அவன் தோளில் கை வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, அது பொய்த் தண்ணீர் இல்லை. ஆனால் அழுகிற கண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே. குடைக் கைப்பிடி. சரி தம்பி. வந்தா சொல்லுங்க. இது நல்லா இருக்கே என்று அந்த ஆள் அப்பவே சொன்னானே. தோளில் கை இருக்கும்போதே. மூன்று வாரமாகச் சகாயராஜ் இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்புகிறான், சோற்றில் கை வைக்கும்போது, யாரோ வீட்டு மீட்டர் பெட்டியைத் திறக்கும்போது, கண்ணாடியில் சவரம் பண்ணும்போது. மேஜையில் சொன்னது வாய் தவறி வந்தது என்று யாரிடமாவது சொல்லித் தப்பிக்கலாம். கடையில் குறித்துக்கொண்டதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது.

குழந்தைவேலு ஒருவழியாகப் பகடையைப் போட்டான். பதினாலு. பட்டுச்சு, பட்டுச்சு என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். எங்க பட்டுச்சு, தொடையிலயா, போன வாரம் எனக்கு ரூட் கெனால் பண்றப்ப நீங்க குத்துன மாதிரியா டாக்டர் என்று கேட்டான். வாயைத் திறந்து வெச்சிருந்தா குத்தாது, நீங்க அப்பவும் பேசிக்கிட்டு இருந்தீங்க என்றார் டாக்டர். ஜமால்கூடச் சிரித்தான். சகாயராஜ் தாளின் கட்டங்களை எண்ண ஆரம்பித்தான். இவன் ஏன் சிரிக்கிறான், இவன் என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் என்ன. இடையில் ஒரு நாள் மன்னிப்புக் கேட்கப் போய் அவன் செய்த கூத்து இன்னும் கேவலம். சும்மா போய் நிற்க முடியாமல், வீட்டிலிருந்து நன்றாக ஓடுகிற மிக்ஸி ஜாரை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான், பிளேடு சுத்தல, பாரேன் என்று நீட்டினான். ஜமால் வாங்கினான். மாட்டினான். ஓட்டினான். ஜார் விர்ரென்று சுற்றியது. நிறுத்தி, மறுபடி ஓட்டினான். நல்லாத்தானே இருக்கு என்றான். ஆமா, இப்ப நல்லா இருக்கு என்றான் சகாயராஜ். மனசுக்குள் சொல்லிப் பார்த்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை; ஊருக்கே இல்லாததை எல்லாம் காட்டுகிற வாய், இருக்கிற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல அதற்கு நாக்கு இல்லை. ஜமால் ஜாரைத் துடைத்து, மூடியைப் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தான். பத்திரமா கொண்டு போ என்றான். அதில் கிண்டல் இருந்ததா? இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது குட்டிப் பூதம் இரண்டும் குதித்துக்கொண்டிருந்தன. டாக்டர் இரண்டு கடைவாய்ப் பல்லைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். ஒன்று குழந்தைவேலுவைக் குத்தியது, இன்னொன்று தவறியது, தவறியதற்கு குழந்தைவேலு அதன் பரம்பரையையே இழுத்துப் பேசினான். வேறு என்ன வழி என்று சகாயராஜ் ஓடினான், முட்டுச்சந்து முட்டுச்சந்தாக. புகை எழுப்பலாம், எழுப்பினால் பெரியவர் மறைவார், பூதம் திரும்பும். பெரியவரை வேறு யாராகவாவது மாற்றலாம்; முதலில் சொன்னதற்கு முரணாகச் சொன்னால் கலையும், அது டாக்டரின் சட்டம். நம் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தலாமே என்று தோன்றியது, அவர் மணப்பாறையில் திடமாக இருக்கிறார், மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதையும் கேட்காமல். நம் அப்பாவிடம் அப்படி ஒன்றும் நல்ல நுணுக்கம் இல்லையே என்று உடனே இன்னொரு நினைப்பு. அது வந்த வேகத்தில் அவனுக்கு உடம்பு கூசியது. பெத்தவரைக்கூடத் தராசில் வைத்துப் பார்க்கிறான். ஆக இரண்டே வழி. பெரியவரை வைத்து இன்னொரு நுணுக்கம் சொல்லி, ஜமாலின் காயத்திலேயே இன்னொரு விரலை விட்டு, அவன் ஆளைக் காப்பாற்றுவது. அல்லது மாயத்தைக் கலைத்து, நாலு வருஷமாக ஜமால் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆளைச் சாகவிடுவது. ஜமாலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே அந்த ஆள்தான். அத்தா இறந்த வாரம்கூட வந்து விளையாடினான், வீட்ல உக்கார முடியல என்று சொல்லி. பொறுக்கி எடுத்த நுணுக்கம் இரண்டு வேறு தயாராக நாக்கில் இருந்தது. பெரியவரின் செருப்பு இரண்டும் ஒரே காலுக்கு உள்ளது. மகனுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார். நன்றாக இருந்தது. சனியன், நன்றாகவே இருந்தது.

“சகாயம், உங்க முறை,” என்றார் டாக்டர். “பெரியவர் நிக்கிறாரா?”

ஃபேன் ஒரு தரம் டிக் என்றது. சகாயராஜ் கட்டத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “கலைச்சிடறேன் டாக்டர். பெரியவர் வேண்டாம்.”

குழந்தைவேலு நாற்காலியோடு முன்னால் நகர்ந்தான். வெயில் தலைக்கு ஏறிடுச்சா மாப்ள, பூதம் திரும்புனா ஜமால் சட்னி, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உனக்கா வராது என்று அவன் பாட்டுக்கு அடுக்கினான். டாக்டர், பல் வலியை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர், சகாயராஜ் முகத்தையும் ஜமால் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சைத் திருப்பக் கையைக் கொண்டுபோனார். அப்போது ஜமால் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“கலைக்காத,” என்றான். “ஆனா தப்பாச் சொல்லிட்ட. மூணு தட்டு இல்ல. ரெண்டு தட்டிட்டு நிறுத்திடுவாரு. உள்ள யாராச்சும் தூங்குனா எழுப்பிடக் கூடாதுன்னு.”

குழந்தைவேலு, எந்தப் பெரியவர், இவன் கட்டுன ஆளப் பத்தி உனக்கெப்படி என்று ஆரம்பித்தவன், டாக்டர் அவன் முழங்கை மேல் கை வைத்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு மெல்ல ஜமாலைப் பார்த்தான், அப்புறம் சகாயராஜைப் பார்த்தான், பார்த்த பார்வையில் எல்லாம் விளங்கிக்கொண்டு தலையைக் குனிந்தான். சகாயராஜுக்குக் காது மடல் எரிந்தது. எடுத்ததும் எடுத்தான், சரியாகவாவது எடுத்தானா. ரெண்டு தட்டை மூன்றாக்கினது யார்? மூன்று என்றால் கேட்க நன்றாக இருக்கும் என்று அந்தப் பென்சில்காரன் ஒன்றைச் சேர்த்துவிட்டான். எழுப்பிடக் கூடாதுன்னு இரண்டோடு நிறுத்துகிற மனுஷனை, கோட்டையே அதிரத் தட்டுகிற ஆளாக்கி நிறுத்திவிட்டான்.

“மாயக்காரன் வாயால வரணும் டாக்டர், சட்டப்படி,” என்றான் ஜமால். “சொல்லச் சொல்லுங்க.”

சொன்னான். மறுபடி தட்டுகிறார், இரண்டே தட்டு, உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்று நிறுத்திக்கொள்கிறார். இவ்வளவையும் மேஜையைப் பார்த்து, ரேஷன் கார்டு வாசிக்கிற குரலில் சொன்னான். டாக்டர், மாயம் நிக்குது என்றார். பூதத்தின் முறை. அவர் தொண்டையைச் செருமிக் கட்டைக் குரலுக்குத் தயாரானபோது ஜமால் கையைத் தூக்கினான். வகுப்பில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி.

“பூதம் சொல்ற பதில இந்த ஒரு தடவ நான் சொல்லட்டுமா டாக்டர்?”

அவர் தலையசைத்தார். ஜமால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சகாயராஜுக்கு நேராக உட்கார்ந்தான். அப்போதுதான், மூன்று வாரம் கழித்து, சகாயராஜ் அந்த முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டிவந்தது.

“வந்துட்டேன்,” என்றான் ஜமால். “நான்தான் ஜமாலு. உள்ள வாங்க அத்தா.”

பதில் சகாயராஜ்தான் சொல்ல வேண்டும். பெரியவர் அவன் கட்டின பெரியவர், அவருக்கு வாய் இவன் வாய். எல்லாரும் காத்திருந்தார்கள். இப்பவும் வந்தன, அதுதான் கொடுமை. இந்த முகத்துக்கு முன்னாலும் வார்த்தைகள் வரிசை கட்டி வந்து நாக்கு நுனியில் நின்றன, ஒன்றைவிட ஒன்று நன்றாக, எதைச் சொன்னாலும் குழந்தைவேலு அழுவான், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஜமாலே அழுதாலும் அழுவான். சகாயராஜ் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டான். இது என்னுடையது இல்லை. தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினான். அது பெரியவர் ஆட்டினதா, தான் ஆட்டினதா, மன்னிப்பா, மறுப்பா, அவனுக்கே தெரியவில்லை. ஜமாலுக்கு அது போதுமாக இருந்ததா என்று அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் ஜமால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, “என் முறைதானே?” என்று பகடையை எடுத்தான்.

வேகமாக உருட்டிவிட்டான். பகடை தாளைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, தரையில் விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. விழுந்த இடத்தில் விழுந்தது கணக்கு, அதுவும் இந்த மேஜைச் சட்டம். சகாயராஜ் யாரும் சொல்லாமலே தரையில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டான். உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது, ஒருத்தர் கண்ணும் அங்கே வராது. பகடை உடனே கிடைத்துவிட்டது, சுவர் ஓரம், ஒரு பஞ்சு உருண்டை பக்கத்தில். எட்டு. பத்துக்கு இரண்டு குறைவு. அவன் அப்படியே இருந்தான். ஒரு விரல் பட்டால் புரளும். விரல்கூட வேண்டாம், பதினெட்டு என்று வாயால் சொன்னால் போதும், அவன் சொல்லி இவர்கள் எதைத்தான் நம்பவில்லை. ஜமாலின் ஆள் எழுந்திருப்பான், எல்லாரும் கத்துவார்கள், ஜமால் சிரிப்பான், இவன் கடனும் ஏதோ ஒரு வழியில் தீர்ந்த மாதிரி இருக்கும். முழங்கால் வலித்தது. மேலே இருந்து குழந்தைவேலு, என்னடா தூங்கிட்டியா, எத்தன என்றான். ஜமால் கேட்கவில்லை. அவனுடைய கால் மட்டும் தெரிந்தது, ரப்பர் செருப்பில், அசையாமல்.

“எட்டு,” என்றான் சகாயராஜ்.